ஆடிக்காற்றில் ஒரு முன்வீல்

முட்டுக்காடு பாலம் வரும் வரைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) மதில், மரம், விடுதி என்று ஏதாவது ஒரு மறைப்பு இருக்கும். பாலத்தின் மேல் ஒன்றும் கிடையாது. மேற்கே உப்பங்கழி, கிழக்கே முகத்துவாரத்தைத் தாண்டிக் கடல். போன வருஷம் ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், காலை எட்டரை மணிக்கு மாமல்லபுரத்திலிருந்து சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தோம். எனக்கு முன்னால் போன தம்பியின் முன்வீல் பாலத்தில் ஏறிய உடனே வலப்பக்கம் ஒரு முழம் நகர்ந்தது. அவர் ஹேண்டிலைத் திருப்பவில்லை, காற்று திருப்பியது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே விலகிப் போயிற்று. பாலம் முடிந்ததும் வண்டியை ஓரங்கட்டினார். தண்ணீர் பாட்டிலை எடுத்த கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, இந்த வீல் வேணாம். ஆனா நல்ல வீல் ஒண்ணு கண்டிப்பா வேணும்."

அந்த வீல் ஜோடி அவருடையது அல்ல. தெரிந்தவர் ஒருவர் விற்பதாகச் சொல்லி, ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது. பெயர் பெற்ற கம்பெனியின் 60 மி.மீ. ஆழ கார்பன் ரிம். ஆழம் என்பது டயரிலிருந்து வீலின் நடுவை நோக்கி இறங்கும் ரிம் சுவரின் உயரம்; அது கூடினால் எதிர்க்காற்றைக் கிழித்துப் போவது லேசாகும், பக்கக்காற்றும் அதிகம் பிடிக்கும். கேட்ட விலை 45,000 ரூபாய். புதிதாக வாங்கினால் அதைப்போல மூன்று மடங்கு ஆகும் என்பதால் தம்பிக்குக் கை அரித்தது. நான் கடைக்காரன் இல்லை. பன்னிரண்டு வருஷமாக வீட்டு மொட்டைமாடி அறையில் நண்பர்களுக்கு வீல் கட்டித் தருகிறேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து அடுத்த ஆடி வரை 60,000 ரூபாயை வைத்து நாங்கள் என்ன செய்தோம், எதை எதற்காக விலக்கினோம் என்பதை இங்கே முழுசாக எழுதிவைக்கிறேன். டிஸ்க் பிரேக் போட்ட ரோடு பைக், அதாவது தார் ரோட்டில் வேகமாக ஓட்டும் சைக்கிள், வைத்திருக்கும் பலர் இதே கேள்வியோடு வருகிறார்கள்.

ஆளும் வண்டியும்

தம்பிக்கு 34 வயது, 58 கிலோ எடை. சனி, ஞாயிறு விடியலில் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்புவார். தனியாகப் போனால் மணிக்கு 30 முதல் 32 கி.மீ., கூட்டத்தோடு போனால் 36 வரை. வருஷத்துக்கு ஒரு தடவை ஏலகிரி. வண்டி அலுமினிய ஃப்ரேம், கார்பன் ஃபோர்க், ஷிமானோ 11 ஸ்பீட், ஹைட்ராலிக் டிஸ்க். வண்டியோடு வந்த வீல்களை டயர், ரோட்டர் (டிஸ்க் பிரேக் கவ்விப் பிடிக்கும் தகடு) எல்லாம் கழற்றித் தராசில் வைத்தேன். ஜோடி 1,980 கிராம். ரிம்மின் உள் அகலம் 19 மி.மீ. மேலே கம்பி விளிம்பு போட்ட, கனத்த 28 மி.மீ. டயர். இந்த விலை வண்டிகளில் வீல்தான் கம்பெனிக்காரர்கள் மிச்சம் பிடிக்கும் இடம். அதனால் வீல் மாற்ற வேண்டும் என்ற அவருடைய எண்ணத்தில் தப்பில்லை.

ஃப்ரேமில் முதலில் பார்க்க வேண்டியது வீலும் அதன் அச்சும் உட்காரும் இடத்தின் அளவுகள். அவருடையது முன்னால் 12க்கு 100, பின்னால் 12க்கு 142 மி.மீ. த்ரூ ஆக்சில், அதாவது துளை வழியே செருகித் திருகும் அச்சு. இன்றைக்கு ரோடு டிஸ்க் வண்டிகள் பெரும்பாலும் இதுதான். ஆரம்பகால டிஸ்க் வண்டிகளில் 135 மி.மீ. குவிக் ரிலீஸ் (நெம்புகோலால் இறுக்கும் மெல்லிய அச்சு) உண்டு; பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அளந்து பார்க்காமல் ஆர்டர் போடக்கூடாது. ரோட்டர் சென்டர்லாக், ஒரே வளையத்தால் இறுக்கும் வகை. கேசட் என்கிற பின் பல்சக்கரத் தொகுதி உட்காரும் உருளையான ஃப்ரீஹப், ஷிமானோ ஹெச்.ஜி. 11 ஸ்பீட் வகை. பின்னால் 12 ஸ்பீடுக்குப் போனாலும் ஷிமானோ ரோடு கேசட் அதே ஹெச்.ஜி.யில் உட்காரும், ஆகவே அதில் எதிர்காலத்துக்கும் கவலை இல்லை. டயருக்கு ஃப்ரேம் கம்பெனி கொடுத்திருக்கும் உச்சவரம்பு 30 மி.மீ. இந்த 30 என்ற எண்தான் பிறகு ஒரு பெரிய முடிவை எங்களுக்காக எடுத்தது.

வாட் கணக்கு

வீல் விளம்பரங்களில் "இத்தனை வாட் மிச்சம்" என்று போட்டிருப்பது பெரும்பாலும் மணிக்கு 45 கி.மீ. வேகத்துக்கு. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் முப்படியாக ஏறும்; இறங்கும்போதும் அப்படியேதான் இறங்கும். 45இல் ஒரு வீல் 10 வாட் மிச்சப்படுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 36இல் அது 5 வாட். 30இல் 3 வாட். கூட்டத்தில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிப் போனால் அதிலும் குறையும். இதைத் தாளில் போட்டுக் காட்டியபோது தம்பி முகம் வாடிவிட்டது.

டயர் கணக்கு வேறு மாதிரி. டயர் உருளும்போது விழுங்கும் சக்தி வேகத்தோடு நேர்விகிதத்தில்தான் ஏறும், மெதுவாகப் போகிறவருக்கும் அந்த இழப்பு உண்டு. உருளையில் ஓட்டி எடுத்த அளவீடுகளில், மணிக்கு 29 கி.மீ. வேகத்தில், கனத்த பயிற்சி டயருக்கும் கான்டினென்டல் ஜிபி 5000 போன்ற நல்ல டயருக்கும் ஒரு டயருக்கே 5 முதல் 9 வாட் வித்தியாசம் வருகிறது. இரண்டு டயருக்குக் கூட்டிப் பாருங்கள். லேசான ஆளுக்குக் கொஞ்சம் குறையும், ஆனாலும் தம்பி ஓடும் வேகத்தில் எந்த 50 மி.மீ. ரிம்மும் தருவதை விட அதிகம்.

எடையையும் சொல்லிவிடுகிறேன். 450 கிராம் குறைந்தால், ஆளும் வண்டியும் தண்ணீரும் சேர்ந்த 69 கிலோவில் அது 0.65 சதவீதம். ஒரு மணி நேரம் ஏறும் மலையில் இருபத்துச் சொச்சம் விநாடி. சிக்னலில் நின்று கிளம்பும்போது சுற்றும் எடை கொஞ்சம் கூடுதலாக உறைக்கும், சமவெளியில் ஓடிக்கொண்டிருக்கும்போது தெரியாது.

அதனால் முதல் 11,500 ரூபாய் வீலுக்குப் போகவில்லை. இரண்டு ஜிபி 5000, மாற்று ஒன்றோடு சேர்த்து மூன்று டி.பி.யு. (லேசான பிளாஸ்டிக்) ட்யூப். முன்னால் 25, பின்னால் 28. பழைய 1,980 கிராம் வீலிலேயே மாட்டி இரண்டு மாதம் ஓடச் சொன்னேன். இதுவே போதும் என்று அவருக்குத் தோன்றியிருந்தால் மிச்சப் பணத்தை அவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், அதில் எனக்கு முழுச் சம்மதம். ஐப்பசியில் வந்து, "ரோடே மாறிப்போச்சுண்ணா, ஆனா வீல் ஆசை போகல" என்றார். ஆசையும் ஒரு காரணம்தான். விடியக்காலை நாலரைக்கு எழுந்திருக்க வைப்பது அதுதானே.

விலக்கியவை

மீதி 48,500 ரூபாய். மேசையில் மூன்று வழிகள்.

முதலாவது, இரவல் வந்த அதே 60 மி.மீ. ஜோடி. காற்று விஷயத்தை ஒதுக்கிவிட்டாலும் அது இந்த வண்டிக்குச் சேராது. ஃப்ரீஹப் எக்ஸ்.டி.ஆர். வகை, ஸ்ராம் கம்பெனி கேசட்டுக்கானது. ஒரு வாரம் ஓட்டுவதற்கே விற்பவருடைய கேசட்டைக் கடன் வாங்கிச் சமாளிக்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய தடை, ரிம் கொக்கி இல்லாத வகை, உள் அகலம் 25 மி.மீ. பழைய ரிம்களில் உள்சுவரின் உச்சியில் ஒரு சிறு கொக்கி இருக்கும், டயரின் விளிம்பு அதில் மாட்டிக்கொண்டு நிற்கும். கொக்கி இல்லாத ரிம்மில் டயர் விளிம்பின் இறுக்கம் ஒன்றுதான் பிடிப்பு. அதனால் அதற்கென்று ஏற்கப்பட்ட ட்யூப்லெஸ் டயர் மட்டுமே போடலாம், காற்று 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக்கூடாது. 25 மி.மீ. உள் அகலத்துக்கு இப்போதைய விதிப்படி குறைந்தது 29 மி.மீ. டயர் வேண்டும். கடையில் கிடைப்பது 30. அந்த அகல ரிம்மில் மாட்டினால் 30 டயர் 31ஐத் தாண்டி விரியும். தம்பியின் ஃப்ரேம் 30க்கு மேல் தாங்காது. கதை அங்கேயே முடிந்தது.

2024 பிப்ரவரியில் யு.ஏ.ஈ. டூர் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி கென்ட் விழுந்த படம் பலருக்கு ஞாபகம் இருக்கும். 25 மி.மீ. அகலமுள்ள கொக்கியில்லா ரிம், 28 டயர். டயர் ரிம்மை விட்டு வெளியே வந்து கிடந்தது. ரோட்டில் கிடந்த கல் காரணமா, ரிம் காரணமா என்று பெரிய சர்ச்சை நடந்தது. எனக்கு அந்தச் சர்ச்சை தேவைப்படவில்லை. ஏலகிரி அடிவாரத்தில் டயர் கிழிந்தால் கிடைத்த டயரைப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர வேண்டியவர் இவர். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் அடாப்டர் மாட்டிக் காற்றுப் பிடித்தால் 5 பார் எப்போது தாண்டியது என்று யாருக்கும் தெரியாது. பின்னால் கார் வைத்துக்கொண்டு ஓடுகிற அணிகளுக்குச் சரிப்படும் பொருள் இவருக்குச் சரிப்படாது.

இரண்டாவது, 30 மி.மீ. சொச்சம் ஆழமுள்ள அலுமினிய வீல், 30,000 ரூபாய் சுமாருக்கு. மனசாட்சிப்படி என் முதல் யோசனை இதுதான். கொக்கியுள்ள ரிம், எந்தக் கடையிலும் கிடைக்கும் வளைகழுத்து ஸ்போக், குழியில் இறங்கினால் நெளியுமே தவிர உடையாது. குறை ஒன்று. இதன் வெளி அகலம் 25, 26 மி.மீ. ஜிப் என்கிற வீல் கம்பெனியில் பல காலம் வேலை பார்த்த ஜோஷ் போர்ட்னர் பெயரில் வழங்கும் ஒரு கைக்கணக்கு உண்டு: டயரை விட ரிம் குறைந்தது ஐந்து சதவீதம் அகலமாக இருந்தால்தான் டயரைத் தாண்டி வரும் காற்று மறுபடி ரிம்மில் ஒட்டும். 25 டயர் இந்த ரிம்மில் மாட்டினால் 26க்கு மேல் விரிகிறது, அப்போது ரிம் டயரை விட ஒடுக்கம். காற்றைக் கிழிக்கும் 'ஏரோ' வீல் என்று பெயர் இருந்தாலும் காற்று அங்கே பிய்ந்துவிடும்.

மூன்றாவது, சீனாவின் சியாமென் நகரத்திலிருந்து வரும் கார்பன் வீல். "சீனா சாமான்" என்று முகம் சுளிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரிம் பிரேக் காலத்தில் மலிவு கார்பன் ரிம்மைக் கண்டு பயந்ததற்கு நியாயம் இருந்தது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அந்தச் சூடு முழுவதும் ரிம்மில் ஏறும், பிசின் இளகும், ரிம் உப்பும். டிஸ்க்கில் அந்தச் சூடு ரோட்டருக்குப் போய்விட்டது. பந்தயங்களில் டிஸ்க்கை உலக சைக்கிள் சம்மேளனமான யு.சி.ஐ. 2018 ஜூலையில் முழுமையாக அனுமதித்த பிறகு சந்தையே அந்தப் பக்கம் திரும்பியது. ரிம்முக்கு இன்று மிச்சம் இருக்கும் வேலை ஸ்போக்கின் இழுப்பையும் குழியின் அடியையும் தாங்குவது. அதை ஒழுங்காகச் செய்யும் தொழிற்சாலைகள் அங்கே இருக்கின்றன.

ஆனால் விளம்பரப் படத்தைப் பார்த்துப் பொத்தானை அமுக்கவில்லை. நாங்கள் எழுதிக் கேட்டு வாங்கியவை இவை. உள் அகலம் 21, வெளி அகலம் 28, கொக்கியுள்ள ரிம். முன்னால் 40 மி.மீ. ஆழம், பின்னால் 50. இரண்டிலும் 24 வளைகழுத்து ஸ்போக், முன்வீலிலும் குறுக்குப் பின்னல். டிஸ்க்கில் பிரேக் பிடிப்பது வீலின் நடுக்குடமான ஹப்பை. அந்த முறுக்கு ஸ்போக் வழியாகத்தான் ரிம்முக்குப் போக வேண்டும், நேராக விசிறி மாதிரி கட்டிய ஸ்போக் அந்த முறுக்கைத் தாங்காது. ஹப்பில் எந்த பேரிங் என்றும் கேட்டோம். 6902 என்ற பொது அளவு என்று பதில் வந்ததும் நிம்மதி. 15க்கு 28க்கு 7 மி.மீ., பேரிங் கடையில் போய்க் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

கடைசியாக, ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் சிறு திருகான நிப்பிள் பித்தளையில். விற்பவர் அலுமினியம் தருவதாகவும் அது லேசு என்றும் எழுதினார். 48 நிப்பிளுக்கும் சேர்த்து வித்தியாசம் 30 கிராம் போல. நான் விடவில்லை. கடற்கரையோரம் கார்பனும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் கரையும். மூன்று வருஷம் ஈ.சி.ஆரில் ஓடிய ஒரு வீலைப் போன கோடையில் பிரித்தேன். நிப்பிளில் சாவியை வைத்துத் திருப்பியதும் பல் துலக்கும் பொடி மாதிரி வெள்ளையாக உதிர்ந்து, தலை சாவியோடு வந்துவிட்டது. இருபத்துநாலில் ஒன்பது அப்படி. சென்னையில் ஓட்டுகிறவர் மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்கக்கூடாது.

முன்னால் ஏன் 40? ஈ.சி.ஆர். வடக்கு தெற்காகப் போகிற ரோடு. காலையில் ஆடியின் மேல்காற்று, மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று, இரண்டுமே பக்கவாட்டில் அடிப்பவை. பின்வீலில் அடிக்கும் காற்று வண்டியை மொத்தமாகத் தள்ளும், அதைச் சாய்ந்து சமாளிக்கலாம். முன்வீலில் அடிப்பது ஹேண்டிலைத் திருப்பும். வடக்கே திரும்பி வரும்போது மேல்காற்று நம்மைப் போக்குவரத்துப் பக்கம் தள்ளுகிறது, முட்டுக்காட்டில் நடந்தது அதுதான். 58 கிலோ ஆளுக்கு முன்னால் 60 மி.மீ. போடுவது தப்பு என்றுதான் நான் சொல்வேன். 80 கிலோ ஆள் கேட்டிருந்தால் முன்னாலும் 50 என்று சொல்லியிருப்பேன்.

பார்சல் வந்த நாள்

சுங்கவரி, கூரியர் எல்லாம் சேர்ந்து 46,000 ஆயிற்று. கார்த்திகையில் வந்தது. மாட்டுவதற்கு முன்னால் ஒரு மாலை முழுக்க அதோடு உட்கார்ந்தோம்.

தராசில் 1,530 கிராம். சொன்ன எடையை விட 40 கூட. இது வழக்கம். பிறகு ரிம்மின் உள்பள்ளத்தில் விரலை வைத்து மெதுவாக ஒரு சுற்று வந்தேன். பின்வீலில் வால்வு துளைக்கு ஒரு சாண் தள்ளி நகத்தில் ஏதோ இடறியது. டார்ச் அடித்துப் பார்த்தால் அரிசி மூக்கு அளவு பிசின் துளி, கல் மாதிரி இறுகி நின்றது. அப்படியே டேப் ஒட்டி ட்யூப் போட்டிருந்தால், ஒரு மாதத்தில் காரணம் தெரியாத பஞ்சர்கள் தொடங்கியிருக்கும். முகமூடி போட்டுக்கொண்டு, 400 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன், நகம் வழுக்கிப் போகும் வரை. கார்பன் தூள் மூச்சில் போகக்கூடாத பொருள், உலர்த்தித் தேய்க்க வேண்டாம்.

அடுத்தது ஸ்போக். இழுப்பை அளக்கும் மீட்டர் வைப்பதற்கு முன்னால் விரலால் மீட்டிக் கேட்பது என் பழக்கம். ஒரே பக்கத்து ஸ்போக்குகள் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் பேச வேண்டும். முன்வீல் ரோட்டர் பக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு மட்டும் தணிந்து ஒலித்தன. தம்பியை அழைத்து அவரையே மீட்டிப் பார்க்கச் சொன்னேன். கேட்ட உடனே இரண்டையும் சரியாகக் காட்டினார். கால் திருகு, மறுபடி அரைக்கால் திருகு. ஸ்டாண்டில் சுற்றவிட்டபோது ரிம் நேராக ஓடியது.

பழைய வீலின் ரோட்டரை இதற்கு மாற்றி, அதைப் பிடிக்கும் வளையமான லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினோம். புது ஹப்பில் ரோட்டர் உட்காரும் இடம் முடி அளவு தள்ளியிருக்கும், அதனால் ரோட்டரைக் கவ்வும் கேலிப்பரை இளக்கி மறுபடி நடுவில் வைக்க வேண்டியிருந்தது. இரண்டு ஜோடி வீல் மாற்றி மாற்றிப் போடப்போகிறவர்கள் ஒரு ஜோடியின் ரோட்டருக்கு அடியில் ஷிம் என்கிற மெல்லிய வளையம் வைத்தால் ஒவ்வொரு முறையும் இந்த வேலை மிச்சம். டயர் மாட்டி அளந்தால் முன்னால் 26.5 மி.மீ. வெளி அகலம் 28. ஐந்து சதவீதக் கணக்கு மயிரிழையில் தேறியது. பின்னால் 28 டயர் அந்தக் கணக்கில் தேறவில்லை. பின்வீலுக்கு முன்னால் ஆளின் காலும் ஃப்ரேமும் ஏற்கெனவே காற்றைக் கலக்கிவிடுவதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே அவருக்கு வேண்டியது இடுப்புக்குச் சுகம்.

ரோட்டில்

அவரிடம் மிதிக்கும் சக்தியை அளக்கும் பவர் மீட்டர் இல்லை. மூன்று நாலு வாட் வித்தியாசத்தைக் கடிகாரத்தையும் காற்றையும் வைத்து ரோட்டில் அளக்க முடியாது. அளந்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் சொன்னது இது: கூட்டத்தில் தன் முறை வரும்போது முன்னால் போய் நிற்பது லேசாகியிருக்கிறது, சிக்னலில் கிளம்பும்போது வண்டி கூடவே வருகிறது. இதில் பாதி டயர் செய்தது என்று அவரே சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

மழைக்காலம் முழுக்க ஓட்டினார். தையில் பின் ஹப்பில் ஒரு கரகரப்பு வந்தது. கழற்றினால் ஒரு 6902 பேரிங்கில் தண்ணீர் ஏறித் துருப் பிடித்திருந்தது. கடையில் ஒன்று வாங்கி அன்றைக்கே மாற்றினோம், சில நூறு ரூபாய். ஹப்பின் மூடி இன்னும் இறுக்கமாக இருந்திருக்கலாம். இந்த விலையில் குறைவது பெரும்பாலும் அங்கேதான். நிப்பிள்களைப் பங்குனியில் ஒவ்வொன்றாகச் சாவி போட்டுப் பார்த்தேன். வெள்ளைப் பொடி இல்லை, எல்லாம் திரும்பின.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இந்த ஆடி இரண்டாம் ஞாயிறு முட்டுக்காடு பாலத்தை அவருக்குப் பின்னால் கடந்தேன். வீல் அசைந்தது, ஆனால் கையளவு அசைவு. அவர் தோளைத் தளர்த்தி இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து போனார். அடுத்த வாரம் காற்று இன்னும் பலம். அன்றைக்கு விடியலில் அவர் வீட்டு வாசலில் வண்டியைப் பார்த்தால் பின்னால் 50 மி.மீ. கார்பன், முன்னால் பழைய அலுமினிய வீல், அதில் புது டயர், ரோட்டருக்கு அடியில் ஷிம். "இன்னிக்கு மரம் ஆடுற ஆட்டத்தைப் பார்த்தீங்களாண்ணா?" என்று கேட்டுக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டினார்.